கோலப்பொடி டப்பா

காப்பி டம்ளரை அம்மா வைத்துவிட்டுப் போனது எப்போதும் போலத்தான். ணங்கென்றும் வைக்கவில்லை, பதுக்கியும் வைக்கவில்லை. சண்முகக்கனியின் வலது முழங்காலுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டுகிற மாதிரி, தினமும் வைக்கிற அதே இடம். "சூடா இருக்கு, ஊதிக் குடி" என்றாள். அதுவும் தினமும் சொல்கிறதுதான். அப்புறம் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போய்விட்டாள். மணி ஏழே கால். கம்பெனி வேன் ஏழே முக்காலுக்கு பஸ் ஸ்டாண்டு முக்கில் வந்து ஆரன் அடிக்கும். அதற்குள் ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பியைக் குடிப்பதா கொட்டுவதா என்று முடிவு பண்ண வேண்டும். இதெல்லாம் ஒரு முடிவா? பால் குடிக்கிற பிள்ளைகூட வேண்டாம் என்றால் துப்பிவிடும். பதினெட்டு வயசு ஆகிறது, மாதச் சம்பளம் வாங்குகிறாள், ஆனால் டம்ளரைப் பார்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், அது என்னமோ அவளைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி. இல்லை, பார்க்கவில்லை. டம்ளர் யாரையும் பார்க்காது. அதைத் தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே, அதுதான் எரிச்சல். நேற்றுக் காலையில் இப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

நேற்று மத்தியானம்தான் எல்லாம். கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகுச் சட்டியைச் சரிக்கும்போது ஒரு கரண்டி அளவு அவளுடைய இடது புறங்கையில் விழுந்துவிட்டது. பாகு தண்ணீர் மாதிரி வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். மேஸ்திரி பைக்கில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கட்டுப் போடுகிற அறைக்கு அடுத்த அறை பதினாலாம் நம்பர். நேற்று வியாழக்கிழமை, மனநல டாக்டர் வருகிற நாள். பெஞ்சில் வரிசையாக ஆட்கள். அவர்களை அவளுக்குத் தெரியும், முகம் தெரியாவிட்டாலும் அந்த உட்காருகிற விதம் தெரியும், பக்கத்தில் துணைக்கு வந்தவர்கள் அவர்கள் கையைப் பிடித்திருக்கிற விதம் தெரியும். ரெண்டு வருசத்துக்கு முன்னால் அதே பெஞ்சில் அவள் அப்படி உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு தாண்டிவிடலாம் என்று பார்த்தாள். நடக்கவில்லை. "ஏ பிள்ள, கனிதான நீ? குருவம்மா மக?" என்று சிஸ்டர் எழுந்தே வந்துவிட்டார். கன்னத்தைத் தொட்டார். "நல்லா மெலிஞ்சு அழகாயிட்டியே! அம்மா சொன்னாக, வேலைக்குப் போறன்னு. மாசம் தவறாம வந்து வாங்கிட்டுப் போயிருதாக. இங்க வார ஆளுககிட்ட உன்னையத்தான் உதாரணம் சொல்லுவேன், மாத்திரைய விடாமப் போட்டா இந்தப் பிள்ள மாதிரி இருக்கலாம்னு. விடாமப் போடுதில்லா?" எந்த மாத்திரை என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மேசையில் விரித்துக் கிடந்த ரிஜிஸ்டரில் அவள் பேர் போட்ட பக்கத்தைச் சிஸ்டர் புரட்டிக் காட்டிவிட்டார். பதினாறு வரி. பதினாறு மாசம். ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் 'குருவம்மாள்' என்று ஒரு கையெழுத்து, 'கு' பெரிசாக, 'ள்' கட்டத்துக்கு வெளியே விழுந்து. அந்தக் கையெழுத்தை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே கனிதான். எட்டாம் வகுப்பு படிக்கும்போது, கைநாட்டு வைக்கிறது கேவலமாக இருக்கிறது என்று சண்டை போட்டு, சிலேட்டு வாங்கி, இருபது நாள் உட்காரவைத்து. "விடாமப் போடுறேன் சிஸ்டர்" என்றாள் கனி. கை எரிந்தது. ஒரு பொய்க்குப் பக்கத்தில் இன்னொரு பொய்யை வைத்துவிட்டு வந்தாள்.

இப்போதும் கட்டுக்குள் விண் விண்ணென்று தெறிக்கிறது. டம்ளரிலிருந்து ஆவி வருவது குறைந்துவிட்டது. வெளியே பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கியில் அந்தப் பொம்பளை ஆரம்பித்துவிட்டாள், சாத்தூர் வழியாக விருதுநகர் செல்லும் பேருந்து. வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெரு, பிறந்ததிலிருந்து அந்தக் குரல் கேட்கிறது. பதினொன்றாம் வகுப்பில் காலாண்டுப் பரீட்சை சமயத்தில்தான் அது அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. முதலில் சும்மா ஒரு வார்த்தை. எட்டயபுரம் செல்லும் சண்முகக்கனி குளிக்கவில்லை. அப்புறம் நிறைய. கணக்குப் பரீட்சையில் எழுதினதை, மனசுக்குள் நினைத்ததை, வரிசை தவறாமல், ஊருக்கே. அவளுக்கு வந்த பயத்தைவிடக் கோபம்தான் அதிகம், எத்தனை பஸ், எத்தனை சனம், ஒருத்தராவது இதென்ன அநியாயம் என்று கேட்கிறார்களா? அறிவிப்பு அறையின் கண்ணாடியைக் கல்லால் உடைத்தாள். பள்ளிக்கூட யூனிபாரத்தோடு உடைத்ததால் பள்ளிக்கூடத்துக்கும் கெட்ட பேர், ஹெச்.எம். அப்பாவைக் கூப்பிட்டு "உடம்பு சரியான பெறகு பார்ப்போம்" என்றார், உடம்பு சரியான பிறகு யாரும் பார்க்கவில்லை. அப்பா லோடு வண்டியில் கேரளாவுக்குப் போகிறவர், மாசத்துக்கு நாலு நாள் வீட்டில் இருப்பார், அந்த நாலு நாளும் மகள் முகத்தைப் பார்க்காமல் டிவியைப் பார்த்தார். அம்மாதான் பதினாலாம் நம்பருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மாத்திரை போட்டு அஞ்சாறு வாரத்தில் குரல் பழையபடி ஊர்ப் பேரை மட்டும் சொன்னது. அதை இல்லையென்று சொல்ல மாட்டாள். ஆனால் அந்த மாத்திரை! தலையணை முழுக்க எச்சில். பன்னிரண்டு கிலோ ஏறியது. தூரம் நாலு மாசம் வராமல் நின்றதும் பக்கத்து வீட்டுக்காரி அம்மாவிடம் கண்ணைச் சிமிட்டிக் கேட்ட கேள்வி. டம்ளரைப் பிடித்தால் கை நடுக்கம். ஒவ்வொரு நாளும் விழுங்கினதும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும், அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்ப்பாள், மாட்டுச் சந்தையில் பல் பார்க்கிற மாதிரி. ஒன்பது மாசம். ஒருநாள் காலையில் மிச்சமிருந்த அட்டையை எல்லாம் அள்ளி வாசல் சாக்கடை வாறுகாலில் போட்டுவிட்டு, "இனிமே இதத் தின்ன மாட்டேன், கட்டாயப்படுத்துனா கெணத்துல விழுவேன்" என்றாள். அம்மா அழுவாள், அடிப்பாள், சாமி காலில் விழுவாள் என்று நினைத்தாள். அம்மா வாறுகாலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிட்டி, ஒன் இஷ்டம்" என்றாள். அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். குருவம்மாள் என்றைக்கு ஒரே வார்த்தையில் எதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறாள்? முருங்கைக்காய் வாங்கினால்கூட மூன்று கடை ஏறுகிறவள்.

ஒன் இஷ்டம். அதற்கு மறுநாளிலிருந்து காப்பி. அதுவரைக்கும் யார் எழுந்தார்களோ அவர்கள் போட்டுக் குடிக்கிறதுதான் வழக்கம். திடீரென்று அம்மா, "நீ அடுப்புப் பக்கம் வராத, நான் போட்டுத் தாரேன்" என்றாள். பாசம் என்று நினைத்தாள். சிரிப்பாக வருகிறது. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள், நோய் வந்து போன பிள்ளை, அம்மாவுக்குப் பாசம் கூடிவிட்டது, கருப்பட்டி தூக்கலாகப் போட்டுத் தருகிறாள் என்று. கருப்பட்டி தூக்கலாக இல்லாவிட்டால் கசக்கும், வேறென்ன? நேற்று ராத்திரி படுத்துக்கொண்டு பதினாறு மாசத்தையும் பின்னால் போய்ப் போய்ப் பார்த்தாள், எங்கே கை வைத்தாலும் உதிர்ந்தது. சாத்தூர்ச் சித்தி வீட்டுக்கு நாலு நாள் போனபோது அம்மா எள்ளுருண்டை பிடித்துக் கொடுத்தாள். எண்ணி நாலு. "தெனம் ஒண்ணு, காலையில, நீ மட்டும் தின்னு, ரத்தத்துக்கு நல்லது." அவள் ரெண்டாம் நாள் உருண்டையைச் சித்தி மகள் பவிக்குக் கொடுத்துவிட்டாள். அஞ்சு வயசுப் பிள்ளை அழுதால் என்ன செய்வது? பவி பதினோரு மணிக்குத் தூங்கினவள் சாயங்காலம் வரை கண் திறக்கவில்லை, சித்தி வெயில் தாக்கிவிட்டது என்று தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பார்த்தாள். ஊருக்கு வந்து அதைச் சொன்னபோது அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. வெயில்தான், வெயில்தான் என்று அம்மாவே ரெண்டு தடவை சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அதை நினைத்து அம்மா எத்தனை நாள் தூங்காமல் இருந்திருப்பாள் என்று ஒரு நினைப்பு ஓரமாக வந்தது. அதை உள்ளே விடவில்லை. அம்மாவுக்குப் பாவம் பார்க்க இன்றைக்கு நேரமில்லை.

ஜெபராணியிடம்தான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஜெபா அவளுக்கு அடுத்த மேசையில் பாக்கெட் ஒட்டுகிறவள், வேனில் பக்கத்து சீட்டு. ஜெபாவின் அண்ணன் அருள்தாஸும் பதினாலாம் நம்பர்தான், அஞ்சு வருசமாக மாத்திரை, ஒர்க்‌ஷாப்பில் வேலை, எப்போதும் தூங்கி எழுந்த முகம். "எங்க அண்ணனுக்குக் கல்யாணமே ஆகாதுட்டி, மாத்திரை திங்கவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா" என்று ஜெபா ஒருநாள் அழுதாள். கனிதான் சொன்னாள். யாரும் கேட்காமலே சொன்னாள். பெருமை. "நான் தூக்கி எறிஞ்சு ஒண்ணேகால் வருசம் ஆச்சு. எனக்கு என்ன வந்துச்சு? பாரு, தலை கால் எல்லாம் சரியாத்தான இருக்கு? அதெல்லாம் பயமுறுத்துறது. மனசு தைரியமா இருந்தாப் போதும்." ஜெபா நம்பவில்லை. "அந்தோணியார் மேல சத்தியமா?" என்றாள். "ஒங்க அந்தோணியார் மேலயும் சத்தியம், எங்க மாரியம்மா மேலயும் சத்தியம்." மூன்று வாரத்துக்கு முன்னால் அண்ணனும் தங்கச்சியும் வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். முந்தாநாள் ஜெபா சொன்னாள், "முகமே தெளிஞ்சிருச்சுட்டி, தூக்கம் மட்டும் வரல." தூக்கம் மட்டும் வரல. கனிக்கு அது எப்படி ஆரம்பிக்கும் என்று தெரியும். முதலில் தூக்கம்தான் போகும், போனது நல்லதற்குத்தான் என்று தோன்றும், எத்தனை நேரம் கிடைக்கிறது என்று சந்தோசமாகக்கூட இருக்கும். முந்தாநாள் அவளுக்கு உறுத்தவில்லை. ஏனென்றால் அவள்தான் சாட்சியாச்சே, மாத்திரை இல்லாமல் நன்றாக இருக்கிற சாட்சி. சிஸ்டர் அந்தப் பக்கத்துக்கு அவளையே சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார், அவள் இந்தப் பக்கத்துக்குத் தன்னையே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் அம்மா மாத்திரையைப் பொடிக்கக் குழவியை உருட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்படியானால் எதுதான் தன்னுடையது? இதைத்தான் நேற்றிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறாள், செக்கில் கட்டின மாதிரி. வேலைக்குச் சேர்ந்தது அவளா மாத்திரையா? சிரித்தது? புரட்டாசியில் மேஸ்திரியிடம் போட்ட சண்டை? எடை போடுகிற எலக்ட்ரானிக் தராசு ஒழுங்காகக் காட்டவில்லை, ஏமாற்றுகிறது என்று அத்தனை பொம்பளைகளுக்கு முன்னால் கத்தினாளே, ரெண்டு பேர் கைகூடத் தட்டினார்கள், மறுவாரம் புதுத் தராசு வந்தது. அது அவள்தான். அதையாவது யாரும் காப்பியில் கலந்து கொடுத்திருக்க முடியாது. அந்தச் சண்டையை அவள் நேற்று ராத்திரி முழுக்கக் கையில் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒலிபெருக்கியில் குரல் நின்று கரகரத்தது. கனி மூச்சைப் பிடித்தாள். திருநெல்வேலி செல்லும் — திருநெல்வேலி செல்லும் பேருந்து. அவ்வளவுதான். தான் காது கொடுத்துக் கேட்டதைத் தானே பிடித்துவிட்டதும் கன்னம் சுட்டது. நேற்றுக் காலையில் குடித்தது, இப்போதுதான் ஒரு நாள் ஆகிறது. குடிக்காவிட்டால் நாளைக்கா, அடுத்த வாரமா, தையிலா? குடித்தால், அம்மா செய்ததற்கெல்லாம் தலையாட்டின மாதிரி. காப்பியின் மேல் ஒரு எறும்பு விழுந்து கால்களை உதறியது. நுனி விரலால் எடுத்து விட்டாள். அது கொஞ்ச தூரம் கோணலாக ஓடி, நின்று, நேராக ஓடியது.

அம்மா குடத்தோடு வந்துவிட்டாள். டம்ளரைப் பார்த்தாள், அப்புறம்தான் மகளைப் பார்த்தாள். எப்போதுமே அந்த வரிசைதான், டம்ளர் முதலில், மகள் அடுத்து. கனி இன்றைக்குத்தான் கவனிக்கிறாள். "இன்னுமாட்டி குடிக்கல? ஆறிப் பச்சத் தண்ணியாப் போச்சு. கை வலிக்குன்னா லீவு போட்டுரு."

"போட்டியா?"

"என்னத்த?"

"காப்பில. இன்னைக்குப் போட்டியா இல்லையா?"

அம்மா குடத்தை இறக்கவில்லை. இடுப்பில் வைத்தபடியே நின்றாள், தண்ணீர் தளும்பிச் சேலையில் வழிந்தது. யார் சொன்னது என்று கேட்கவில்லை. என்ன உளறுகிறாய் என்று சொல்லவில்லை. அம்மா அப்படி ஏதாவது சொல்வாள் என்றுதான் கனி காத்திருந்தாள், சொல்லியிருந்தால் டம்ளரைத் தூக்கி எறிய வசதியாக இருந்திருக்கும். "போட்டேன்" என்றாள் அம்மா. பதினாறு மாசத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் உண்மை, அதுவும் ஒரு வார்த்தை.

"எங்க வச்சிருக்க?"

அம்மா குடத்தை இறக்கிவிட்டு வாசல் பக்கம் போனாள். கதவு இடுக்கில் கோலப்பொடி டப்பா. அதற்குள் கையை விட்டுத் துழாவி, பாலித்தீன் பையில் சுருட்டின ஆஸ்பத்திரி நோட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்தாள். கை முழுக்க வெள்ளை. கனிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டியது. இந்த வீட்டில் அவள் திறக்காத ஒரே டப்பா அது. பிறந்ததிலிருந்து ஒருநாள்கூடக் கோலம் போட எழுந்ததில்லை. ஏசி ஏசி ஓய்ந்துபோன அம்மா அந்தச் சோம்பேறித்தனத்துக்குள்ளேயே கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறாள்.

"ஏமாத்திட்டல்லா."

"ஆமாட்டி."

"நான் மாத்திரை இல்லாமலே நல்லாருந்திருப்பேன். நீ பாத்தியா? விட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்." அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? புரட்டாசில நிறுத்திட்டேன். சரியாயிட்டா மாரியாத்தாளுக்குப் பொங்கல் வைக்கேன்னு நேந்துக்கிட்டு. இருபது நாள் நல்லாத்தான் இருந்த. பெறகு கம்பெனில சண்டை போட்டுட்டு வந்து என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? தராசுல நம்பரு மாறி மாறி எம் பேரச் சொல்லுதும்மான்னு சொன்ன. நான் எந்திரிச்சுப் போயி அன்னைக்கே..." குழவி உருட்டுகிற மாதிரி அம்மாவின் கை காற்றில் ஒரு தடவை அசைந்தது.

அப்படிச் சொன்னாளா? சொல்லவில்லை. ஏமாற்றுகிறது என்றுதான் சொன்னாள். பச்சை நம்பர், ஒன்பது எட்டாகி, எட்டு மூன்றாகி, அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது காதுக்குள் சூடாக — இல்லை. இருந்தது. மூலையில் எங்கேயோ அது இருந்தது, சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தாள். கைதட்டின பொம்பளைகள், புதுத் தராசு, எல்லாம் சரி, தராசு பழுதாகவும் இருந்திருக்கலாம், அவளுக்கும் பழுதாகியிருக்கலாம், ரெண்டும் ஒரே நாளில் நடக்கக்கூடாது என்று சட்டமா? ஆனால் ராத்திரி முழுக்கப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது கையில் இல்லை இப்போது. அம்மா அதையும் எடுத்துக்கொண்டாள். உண்மை சொல்லி எடுத்துக்கொண்டாள், அது இன்னும் மோசம். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல" என்றாள். குரல் சின்னப் பிள்ளை மாதிரி வந்தது, பிடிக்கவில்லை. "சொன்னாக் கெணத்துல விழுவேன்னியேட்டி" என்றாள் அம்மா. முக்கில் வேன் ஆரன் அடித்தது.

கனி எழுந்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு போய் வாறுகாலில் கொட்டினாள். அம்மா "ஏட்டி!" என்று ஒரு அடி எடுத்து வைத்து நின்றாள். அட்டையை அம்மா கையிலிருந்து வாங்கி, கட்டுப் போட்ட கையால் அமுக்கிப் பிடித்து, ஒன்றை உடைத்து வாயில் போட்டு, செம்பில் கிடந்த ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கினாள். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய் வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கி, அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா குனிந்து பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நல்லது. "இனிமே நீ எனக்குக் காப்பி போடாத. எப்பவுமே" என்று சொல்லிவிட்டு நோட்டை இடுப்பில் செருகினாள்.

"அத எங்கட்டி கொண்டு போற? ஆளுக பாக்கப் போறாக!"

"பாக்கட்டும்."

வேனில் ஜெபா சீட்டில் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். "கை எப்படிட்டி இருக்கு? ஒத்தக் கையால ஒட்டி என்னத்தக் கிழிக்கப் போற?" என்று சிரித்தாள். கனி உட்காருவதற்குள்ளேயே கேட்டாள், உங்கண்ணன் தூங்கினானா என்று. "எங்க? நாலு நாளாச்சு. ராத்திரி பூரா முட்டுக்கால் போட்டு ஜெபம் பண்ணுதான். எங்கம்மைக்கு ஒரே சந்தோசம், மகனுக்கு விசுவாசம் வந்திருச்சுன்னு." வேன் கிளம்பியது. தண்ணீர் போதாமல் மாத்திரை தொண்டையில் நின்றது, கரைந்து கரைந்து இறங்கியது. கருப்பட்டி இல்லாமல் அது எத்தனை கசப்பு என்று மறந்தே போயிருந்தது. கனி நோட்டை எடுத்து ஜெபா மடியில் வைத்தாள், கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மாத்திரை வாங்கின தேதியில் விரலை வைத்தாள். "எங்கம்மா எனக்குத் தெரியாமக் குடுத்திருக்கா. காப்பில. புரட்டாசில கொஞ்ச நாள் தவிர நான் நிறுத்தவே இல்ல ஜெபா. நேத்துதான் தெரியும்."

ஜெபா தேதியைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். "அந்தோணியார் மேல சத்தியம் பண்ணுன" என்றாள். சாப்பாட்டுப் பையை எடுத்து ரெண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டு ஜன்னல் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தாள். எனக்கே தெரியாதுட்டி என்று சொல்லலாம். உண்மைதான். அம்மாவும் உண்மையைத்தான் சொன்னாள், கெணத்துல விழுவேன்னியே என்று. கனி வாயை மூடிக்கொண்டாள். ரோட்டில் பெரியாஸ்பத்திரிச் சுவர் வந்தது. "அண்ணே, வண்டிய நிறுத்துங்க" என்றாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "அரை நாள் போயிரும் பாத்துக்கோ" என்றார். "போகட்டும்." ஜெபாவைப் பார்க்காமலேயே, "டாக்டர் வியாழக்கெழமைதான், சிஸ்டர் எல்லா நாளும் இருப்பாக. அண்ணன் எத்தனை நாளா மாத்திரை போடல, எத்தனை நாளா தூங்கலன்னு சொல்லணும். அவனுக்கு மறைச்சு ஒண்ணும் குடுக்கக் கூடாது, அவனையும் கூட்டிட்டு வரணும். எறங்கு" என்றாள். ஜெபா அசையவில்லை. கனி இறங்கினாள். வாசல் வரைக்கும் நடந்தாள். வேன் உறுமியது, கியர் விழுந்தது. பின்னால் கதவு அறைந்து சாத்துகிற சத்தம், அப்புறம் செருப்புச் சத்தம்.

"நில்லுட்டி, மூதி. ஒன்னைய நம்பி எறங்கல, கேட்டியா? அந்த ரூமு எங்கன்னு எனக்குத் தெரியாது, அதான்."

"பதினாலு" என்றாள் கனி. "கட்டுப் போடுத ரூமுக்கு அடுத்தது."